சிவப்பு கார்டு

எனக்கு அப்போது ஒன்பது வயது. அலோர் காஜா பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்டில் இருந்தோம்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போவேன். ஒரு மத்தியானம், வேலி ஓரத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வெளியாள் லோரியில் பழக் குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா என் தலையை அமுக்கி மரத்துக்குப் பின்னால் உட்காரவைத்தாள். வீட்டுக்கு வந்தும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாளில், குலை திருடினான் என்று பக்கத்து வீட்டு அண்ணனைப் போலீஸ் கொண்டுபோனது. கைகாட்டியது மண்டோர். அண்ணனின் அம்மாவை நான் பெரியம்மா என்பேன். அவர் வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்க்க முடியவில்லை. வேலி ஓரத்தில் பார்த்ததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா நேரே எங்கள் அடுப்படிக்கு வந்தார்.

"பாத்தியாமே. வந்து ஒரு வார்த்த சொல்லேன்மா. ஒங்கையில சோறு தின்ன புள்ள."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். அப்பாதான் பேசினார்.

"நீல கார்டுக்கு எழுதிப்போட்டு எட்டு வருசமாச்சு. போலீஸ்ல இவ பேரு ஏறுனா எல்லாம் போச்சு லா."

அம்மா பிறந்தது அதே எஸ்டேட்டில். யாரும் பதியவில்லை. அதனால் குடியுரிமை இல்லை, அடையாளக் கார்டு சிவப்பு. மற்றவர்களுக்கு நீலம். எனக்குச் சிவப்புதான் அழகாகத் தெரிந்தது.

மறுநாள் அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டினாள். அப்பா பார்த்தார், தடுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"பேரெல்லாம் கேக்கமாட்டாங்க. பாத்தத சொல்லிட்டு வந்துரலாம்." இரண்டு தடவை சொன்னாள். என்னிடம் இல்லை.

ஸ்டேஷனில் முகப்பில் இருந்தவர் முதலில் கேட்டதே ஐசி, அடையாளக் கார்டைத்தான். அம்மா பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். வீட்டில் வைத்துவிட்டேன் என்று மலாயில் சொன்னாள்.

"இருக்கும்மா, பர்சுல! செவப்பு கார்டு!" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். அதட்டவில்லை. என்ன விஷயம் என்று கேட்டு, பேனாவை எடுத்தார். அவர் கையில் இருந்த கார்டையே அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்றுமில்லை" என்றாள். கார்டை வாங்கிக்கொண்டாள்.

பெரியம்மா எஸ்டேட் முனையில் நின்றிருந்தார். "ஆபீசர் இல்லக்கா" என்றாள் அம்மா.

"அப்படியா" என்றார் பெரியம்மா. மறுபடி வரவில்லை. அண்ணன் ஜெயிலுக்குப் போனான். அவர்கள் வீட்டைக் காலி செய்து புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

அம்மா இறந்தபின் நான் பதிவு ஆபீசில் ஒப்படைத்த கார்டும் சிவப்புதான்.

அன்று திரும்பும் பஸ்ஸில், கார்டைத் தேடிக் கொடுத்ததற்கு அம்மா ஏதாவது வாங்கித் தருவாள் என்று கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.