‘இல்ல’ சொல்லக் கூடாத விளையாட்டு

பயம் என்கூடவே பிறந்தது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். எட்டாவதோடு நின்றவள், உத்திரமேரூரில் சோலார் பம்பு மாட்டித் தருகிற ஆபீசில் பெருக்கி, டீ போடச் சேர்ந்தபோது, எந்த ஒயரைத் தொட்டு எதை எரிப்பேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

அங்கே இஞ்சினியராக ஒரு பெண். ஈரோட்டுப் பக்கம். பம்பைப் பற்றி அதற்குத் தெரியாதது கிடையாது. ஆனால் விவசாயிகள் முன்னால் நின்றால் லேப்டாப்பைப் பார்த்தே படிக்கும். திருப்புட்குழிக் கூட்டத்தில் அப்படிப் படித்து முடித்துத் தலையைத் தூக்கினால் பாதி நாற்காலி காலி. ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மாகறல்ல அடுத்த கூட்டம் கீது. அங்கியும் ஆளுங்க எழுந்து போனா, நீ மெட்ராஸ் குடோனுக்குக் கெளம்பும்மா."

அதற்கோ வயல்வெளி வேலைதான் உயிர். முகம் செத்துப்போயிற்று. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்தப் பெண் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தது. நாடகக்காரர்கள் நடத்தினதாம். எழுதிவைத்துப் பேசாமல், எதிராளி சொல்வதைக் காதில் வாங்கி அந்த நிமிஷம் தோன்றுவதைப் பேசிப் பழகுகிற விளையாட்டு. கூட ஆட ஆள் கேட்டது. மெக்கானிக் பையன்கள், "இன்னா மேடம், கூத்து கட்டப் போறீங்களா?" என்று கலாய்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நான்தான்.

"அக்கா, நீங்க விவசாயி. என்ன வேணாலும் கேளுங்க. நான் மட்டும் ‘இல்ல’, ‘அப்படிக் கெடையாது’ன்னு சொல்லக் கூடாதுங்க. நீங்க சொன்னதை ஏத்துக்கிட்டு அதுக்கு மேல பேசோணும்."

கேள்வியா? எனக்கா பஞ்சம்?

"இடி வியுந்தா?" "கொரங்கு சோலார் தகடு மேல குதிச்சா?" "மேகம் மூடிக்கினா பயிரு காயாதா?" கேட்கக் கேட்க எனக்கே நடுக்கம். ஒருநாள், "தகடு அவ்ளோ சூடா கீதே, மேல மொளகா காய வெச்சிக்கலாமா?" என்றேன். அது வாயைத் திறந்தது, ‘இல்ல’ என்று வரப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து டீ ஆறிப்போனது. தோற்றாலும் மறுநாள் சாயந்திரம் சரியாக வந்து உட்காரும். படித்த பெண், என்னிடம் தோற்பதற்குக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மாகறலுக்கு டீ கேனோடு நானும் போனேன். நெற்களத்தில் கூட்டம். அது பேச ஆரம்பித்ததுமே முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"இப்பிடித்தாம்மா முன்ன ஒருத்தன் வந்து இனிக்க இனிக்கப் பேசி மாட்டிட்டுப் போனான். மோட்டார் நின்னுபோச்சி. போன் போட்டா எடுக்கல. ஒரே பேஜாரு. நீயும் அந்த ஆளு மாதிரிதான?"

பக்கத்தில் ரெண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பயந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே!

அது லேப்டாப்பை மூடியது.

"ஆமாங்கய்யா, அப்படி நடந்திருக்கு. உங்களுக்குக் கோவம் வராம எப்படி? அந்த மோட்டார் இப்ப எங்க இருக்குதுங்க? வாங்க, மொதல்ல அதைப் பார்த்துருவோம்."

அவர் நடந்தார். பின்னால் இந்தப் பெண். வேடிக்கை பார்க்க மொத்தக் கூட்டமும் வரப்பில் வரிசையாக. கேனைத் தூக்கிக்கொண்டு நானும்.

போய்ப் பார்த்தால், தகடு முழுக்கச் சிவப்பு மிளகாய்!

அது திரும்பி என்னைத் தேடியது. நான் கேனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"நல்லா காஞ்சிருக்குதுங்க," என்றது அவர் சம்சாரத்திடம். "இதே வெயிலு தகட்டுல பட்டாத்தான் தண்ணியும் வருமுங்க. மொளகாய்க்கு வேற எடம் பார்ப்போமா?"

அந்தம்மா சிரித்துக்கொண்டே முறத்தை எடுத்து வந்தார். பேசிக்கொண்டே எல்லோரும் மிளகாயை அள்ளினோம். மோட்டார் நின்றது எலி கடித்த ஒயரால்தான் என்று அந்தப் பெண் கண்டுபிடித்து, மறுநாள் மாற்றித் தருவதாகச் சொன்னது. ஒருவர்கூடக் கிளம்பவில்லை.

அந்த ஒயரை மாற்றித் தண்ணீர் வந்த அன்று சாயந்திரம் அந்த மாகறல்காரரிடமிருந்து ஓனருக்குப் போன். "பக்கத்து நெலத்துக்கும் போடணுமாம். அந்த ஈரோட்டுப் பொண்ணையே அனுப்பு நைனா." ஓனர் போனை அதன் கையில் கொடுத்தார். குடோன் பேச்சு அதோடு சரி.

அடுத்த கூட்டம் வாலாஜாபாத் பக்கம். அங்கே என்னென்ன கேட்பார்களோ என்று டம்ளர் கழுவிக்கொண்டே பயந்துகொண்டிருக்கிறேன். சாயந்திரம் அந்தப் பெண் விளையாட வந்து உட்காரும், கேள்விகளோடு தயாராக இருக்க வேண்டும்.