மார்பில் கட்டி, வயிற்றுக்கு மாத்திரை

குளிக்கும்போது இடது மார்பில் கடலையளவு கட்டி கையில் தட்டுப்பட்டது. மறுநாளே மாசாய் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பிலுள்ள கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் எங்கள் கோயில் தலைவரின் மகன். அன்னதானத்தில் நான் சோறு பரிமாறும் பிள்ளை.

"என்ன செய்யுது, ஆண்ட்டி?"

சொல்ல வாய் வரவில்லை. "வயித்து வலி, டாக்டர்" என்றேன். கொடுத்த மாத்திரைகளையும் ஒழுங்காக விழுங்கினேன்.

மூன்று மாதத்தில் கட்டி பெருத்ததும் மகளிடம் சொன்னேன். "அலமாக்! இதுக்குமாம்மா வெட்கப்படுவாங்க?" என்று அழுதாள். பெரிய மருத்துவமனையில் கட்டியில் ஊசியைக் குத்தி நீர் எடுத்துச் சோதித்தார்கள். நல்லவேளை, வெறும் நீர்க்கட்டி.

இப்போது மாதந்தோறும் தடவிப் பார்க்கிறேன். எது தட்டுப்பட்டாலும் அதே தாமான் கிளினிக் டாக்டரிடம்தான் சொல்கிறேன். முதல்முறை எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப அன்னிக்குச் சொன்ன வயித்து வலி, ஆண்ட்டி?"

"பொய், டாக்டர்" என்றேன், தரையைப் பார்த்தபடி.