வலது கையால் ஒரு கவளம்

அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பேச்சு பிழைத்தது, வலது கைதான் மடியிலேயே கிடந்தது. விரல்கள் லேசாக அசைந்தன, ஆனால் சோற்றை அள்ள வரவில்லை. இடது கையால் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஸ்பூன் அவருக்குப் பிடிக்காது. அதனால் மன்னி பிசைந்து ஊட்டிவிட்டாள். அபிராமபுரத்து வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் இதைத்தான் பார்ப்பேன். அந்தக் கை மீளுமா என்பதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே கவலை.

அடையாறிலுள்ள நரம்பியல் டாக்டரிடம் மறுபரிசோதனைக்கு நான் அழைத்துப் போனேன். தங்கள் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது: மூளையில் ரத்தம் அடைபட்ட இடத்தின் நடுவிலுள்ள செல்கள் சீக்கிரமே இறந்துவிடும். சுற்றியுள்ளவை உடனே சாவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு, செல்லைச் செத்துப்போகச் சொல்கின்றன. எவை விழித்திருக்கின்றன என்று ரத்தத்தில் தெரிந்தால் சேதத்தை முன்கூட்டியே கணிக்கலாம். அவற்றை அடக்க மருந்தும் தேடலாம். இன்னும் எதுவும் கைக்கு வரவில்லை.

"என் கைக்கு இதனால ஏதாவது ஆகுமா?" என்றார் அண்ணா.

"உங்களுக்கு ஆகாது சார். பின்னால வர்றவங்களுக்கு ஆகலாம். நீங்க, மிச்சம் இருக்கிற செல்லுக்கு வேலை குடுக்கணும். வலது கையால என்ன பண்றீங்க?"

"மன்னி ஊட்டிவிடறா, டாக்டர்" என்றேன் நான்.

"அப்ப அந்தக் கைக்கு லீவு குடுத்துட்டாங்க."

ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் அண்ணா வலது கையைக் காட்டினார். "இதுலயே எடுத்துக்கோம்மா. சும்மாத்தானே இருக்கு."

"அது வேணாம் சார். நல்ல கையக் குடுங்க."

"ரத்தம் குடுக்கக்கூட லாயக்கில்லையா!" என்று சிரித்தபடி இடது கையை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் வீட்டில் மன்னி மோர் சாதத்தைப் பிசைந்து எடுத்தபோது அண்ணா வாயைத் திறக்கவில்லை.

"தட்டை இங்க வை."

"மேலெல்லாம் கொட்டிப்பேள்."

"கொட்டட்டும். இத்தனை நாளா உன் கைக்குத்தான் பயிற்சி நடந்திண்டிருக்கு."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தட்டில் வைத்தார். முதல் கவளம் வேட்டியில் விழுந்தது. அடுத்ததில் பாதி மோவாயில் வழிந்தது. மன்னி துடைக்க எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டு முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நார்த்தங்காய்த் துண்டு மட்டும் அவர் பிடிக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மன்னி அதை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை, அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.