மீட்டர் பெட்டிச் சுவர்

அடையாறில் எங்கள் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு. ஆறு வருடமாக அதன் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யாரும் முன்வராததால் என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மை அப்படியில்லை. முப்பது வருடம் ஆபீசில் ஃபைல் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். யாரையாவது 'இது சரியில்லை, வேற எழுதிட்டு வா' என்று திருப்பி அனுப்பாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது.

போன வருடம் வேலையாட்கள் எல்லாரும் ஆதார் நகல் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும் அந்தப் புத்திதான். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், டிரைவர்கள், வாட்ச்மேன், கார் துடைப்பவர் என்று பத்தொன்பது பேர். பாதுகாப்புக்காக என்றேன். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்களிடமும் ஆதார் கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் சொந்த விவரம், தர முடியாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார்கள். சரி, போன் நம்பர் போதும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டில் வேலை செய்கிறவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆற்றோரத்தில், எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருந்தவளை வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். பத்தொன்பது பேரில் அவள் ஒருத்திதான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கும்மா? இத்தினி வருசமா வந்துகினு கீறேன், என்னியத் தெரியாதா உனக்கு?"

விதி என்றால் எல்லாருக்கும்தான் என்றேன். மறுநாள் நகல் கொண்டுவந்தாள். முன்பக்கம் மட்டும் இருந்தது. பின்பக்கமும் வேண்டும் என்று பஸ் டெப்போ பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். ஏப்ரல் மாத வெயிலில் போய்விட்டு வந்தாள்.

நகலில் எல்லார் முகமும் கரி பூசினாற்போல் இருந்தது. அதனால் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவராக மீட்டர் பெட்டிச் சுவரோரம் நிறுத்தி என் போனில் படம் எடுத்தேன். "நேரா பாரு, சிரிக்காதே" என்று வேறு சொன்னேன். ஆதார் நகலோடு வீட்டு முகவரி, கணவர் பெயர், போன் நம்பர், அவர்கள் வேலை செய்கிற வீட்டுச் சொந்தக்காரரின் போன் நம்பர் எல்லாம் சேர்த்து அழகாக ஒரு ஃபைல் போட்டு, அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். இவ்வளவு கச்சிதமாக யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் சங்கத் தலைவர் பெயர். அவர் அப்போது அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தார். போலீஸ் நிலையத்தில் வேலையாட்கள் விவரம் கேட்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், போன் செய்ய வேண்டாம் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'தயவுசெய்து நீங்களே செய்யுங்கள், உங்களைப் போல் ஒழுங்காகச் செய்ய யாரும் இல்லை.'

அந்தத் தலைவர் ஆறு வருடத்தில் எனக்குத் 'தயவுசெய்து' என்று எழுதியதே இல்லை. 'அனுப்பவும்', 'ஏன் தாமதம்', இவ்வளவுதான் அவர் பாஷை. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் பூரித்துப்போனேன். கடைசியில் மனுஷருக்கு என் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தே நிமிடத்தில் மொத்த ஃபைலையும் அனுப்பிவிட்டு, காபி போட்டுக் குடித்தேன்.

இதில் இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மெயிலில் மேலே தெரிகிற பெயர் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடியது, அதைத் தொட்டு உள்ளே இருக்கிற முகவரியைப் பாருங்கள், அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

சாயங்காலம் தலைவருக்கு, 'அனுப்பிவிட்டேன் சார்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். 'எதை?' என்று கேட்டார். அப்போதுதான் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு முகவரி.

சைபர் க்ரைமில் இணையம் வழியாகப் புகார் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் சொந்தக்காரர்கள் குழுவில் செய்தி போட்டேன்: உங்கள் போன் நம்பர் வெளியே போய்விட்டது, எச்சரிக்கையாக இருங்கள், மன்னிக்கவும். நாலு பேர் திட்டினார்கள். ஒருவர் ராஜினாமா கேட்டார். நான் அழுதேன். அவர்கள் இழந்தது ஒரு போன் நம்பர்.

அந்தப் பத்தொன்பது பேருக்கு நான் சொல்லவில்லை. அவர்கள் குழுவில் இல்லையே என்று ஒரு சாக்கு. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று ஒரு சாக்கு. தலைவரும் போனில், "அவங்ககிட்ட இப்ப எதுவும் சொல்லிக் கலாட்டா ஆக்கிடாதீங்க" என்றார். அப்படி ஒரு உத்தரவு வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இன்று எழுதவே கூசுகிறது. பன்னிரண்டு நாள் அவள் என் வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதிமூன்றாம் நாள் காலையில் வந்தவள் துடைப்பத்தை எடுக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.

"நேத்து ஒருத்தன் போன் பண்ணான்மா. வீட்டு வாரிய ஆபீஸ்லேந்து பேசறேன்றான். எங்க ஊட்டுக்காரரு பேரு, ஆதார் நம்பர், பிளாக்கு நம்பர் அல்லாம் கரீட்டா சொல்றான். இப்ப ஓடிபி வரும், சொல்லலன்னா வீட்டு அலாட்மெண்ட் கேன்சல்ன்றான்."

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"மூஞ்சி தெரியாதவனுக்கு நான் இன்னாத்துக்கு சொல்றேன்? கவர்மெண்டுன்னா நேர்ல வா, பாத்துக் குடுக்கறேன்னு வெச்சிட்டேன். அப்பறம் இத்த அனுப்பிக்கீறான், நம்பறதுக்கோசரம். பாரு."

அவளுடைய படம். நேராகப் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்கிறாள்.

"பின்னாடி பாரும்மா. நம்ம மீட்டர் பொட்டி கீது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினி நாளாச்சு?"

"பன்னண்டு நாள்."

"இங்க கீறவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்குக்கூட மூஞ்ச பாத்துதாம்மா குட்த்தேன்" என்றாள். "சரி, என்னாண்ட சொல்லிட்டா ஆச்சா? மத்தவங்க? மூணு மணிக்கு அல்லாரையும் இட்டாறேன். நீயே கீழ வந்து சொல்லு."

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்து வழக்கம்போல் கூடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஃபைலோடு இறங்கினேன். பத்தொன்பது பேரில் அவளையும் சேர்த்துப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கி அவர்கள் நிழலில் நின்றதால் எனக்கு மிச்சமிருந்த இடம் அந்தச் சுவர்தான். வாட்ச்மேன் ஓடிப்போய் அதே நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்றார். வேண்டாம் என்றேன். மீட்டர் பெட்டி முதுகில் இடிக்க நின்றுகொண்டு, நடந்ததைச் சொன்னேன். ஓடிபி கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள், ஆதாரைப் பூட்டிவைக்க வழி இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் நானே உட்கார்ந்து செய்துதருகிறேன் என்றேன். நகல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கார் துடைப்பவர் வாங்கிக்கொண்டு பழக்கத்தில் "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு நான் குனிந்துகொண்டேன்.

கடைசியாக அவள் வந்தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு தாளையும் வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.

"இது காயிதம், வந்துடுச்சி" என்றாள். "அவனாண்ட போனது போனதுதானே? எங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

பதினேழு முகமும் என்னைப் பார்த்தன. ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆறு வருடமாக எதற்கும் அப்படித்தான் பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.

"தெரியாது" என்றேன்.