பன்னிரண்டு வோல்ட்டுக்கு அஞ்சு வோல்ட் காவலா?

போன மாச இடியில் எங்காத்து மோடம் கருகினது உங்களுக்கெல்லாம் தெரியும். புதுசும் போனால் துபாயில் இருக்கிற என் பெண்ணோடு பேச வழியில்லை. வோல்டேஜ் எகிறினால் தன்மேல் வாங்கிக்கொள்கிற டயோடு ஒன்று உண்டாம். அதை வாங்க இன்றைக்குச் சாலை பஜாருக்குப் போனேன்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற என் பேத்தி போனிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"பாட்டி, மோடம் ஓடறது பன்னிரண்டு வோல்ட்டில். டயோடு அதுக்குக் கொஞ்சம் மேலதான் முழிச்சுக்கணும். ரொம்ப மேல போனாலும் பிரயோஜனமில்லை, அதுக்குள்ள மோடம் கருகிடும்."

நான் கேட்டதுமே மலையாளக் கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். இவ்வளவு சீக்கிரம் எடுத்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

"எத்தனை வோல்ட்டு?"

"அஞ்சு. குறைச்சலா இருந்தா சீக்கிரம் பிடிக்கும். நல்ல சேஃப்டியாக்கும், கேட்டோ அம்மா."

"தினமும் வர்ற பன்னிரண்டையே பிடிச்சுக்குமே! அப்புறம் மோடத்துக்கு என்ன மிச்சம்?"

"எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"அப்படின்னா உங்க மேஜையில இருக்கிற மோடத்துக்கு இதையே வையுங்கோ. அது ஓடினா நானும் வாங்கிக்கறேன்."

மனுஷர் சட்டென்று மோடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பதினைந்து வோல்ட்டு டயோடு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதுவும் நல்லதுதான்."

வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்து சால்டர் வைத்துப் பொருத்துவாள். ஆனாலும் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதாகத்தான் இருக்கிறேன். டயோடை நம்பலாம், விற்றவரை எப்படி நம்புவது?

தன் கடை மோடத்துக்கும் அதே டயோடைப் போட்டிருக்கிற கடைக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.