ஒரு மணி நேரத் தண்ணீர்

"இதனால் என்ன பிரயோசனம்?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. உறவுக்காரர்கள் கேட்டார்கள், பெண் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள், சென்னையில் என்னோடு படித்தவர்களும் கேட்டார்கள். முதலில் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கோபம் வர ஆரம்பித்தது. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

நான் செய்த வேலை இதுதான். தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்று மேல்நாட்டுத் தொலைநோக்கிகள் காட்டிவிட்ட காலம் அது. பிரபஞ்சமே விரிகிறது. நேரமோ ஆளுக்கு ஆள் வேறாக ஓடும் என்று சார்பியல் கோட்பாடு சொல்கிறது. அப்படியானால் பிரபஞ்சத்தின் வயதை யாருடைய கடிகாரத்தை வைத்துச் சொல்வது? எல்லோருக்கும் பொதுவாக 'இப்போது' என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பேனாவும் காகிதமும் தவிர இதற்கு வேறொன்றும் வேண்டாம். மற்றவர்களுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

உலக யுத்தம் வந்து, குண்டு விழும் என்ற பயத்தில் சென்னை காலியானபோது, என் ஆராய்ச்சியை மேற்பார்வையிட்டவர் என்னைக் கூப்பிட்டு, வானொலி அலைகள் பற்றி ஏதாவது செய், யுத்தத்துக்கு உதவும், இல்லையென்றால் இடத்தை வேறொருவருக்கு விடு என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியோடு சின்னமனூருக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன். நிலைமை சீரானதும் திரும்பி வந்து, இடம் கொடுக்கும் வரை அவர் வாசலிலேயே நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஊரில் எனக்காக வேறொரு முடிவு காத்திருந்தது. தேவாரத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் தாய்மாமன், பெரியகுளம் தாலுகா கச்சேரியில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். என்னைப் பெற்ற அய்யாவுக்கும் அதில் சம்மதம். மாமா என்னைக் கிண்டல் பண்ணாமல் சோறு தின்ன மாட்டார்.

"ஏலே மாப்ளே, உலகமே விரியுதுங்கிற. நம்ம வயக்காடு மட்டும் வருசா வருசம் சுருங்குதே, அது எப்படிறா?"

"அது பக்கத்து வயக்காரன் மம்பட்டி வேல மாமா. பிரபஞ்சத்து மேல பழி போடாதீக."

அய்யா சிரிக்கவில்லை. "கச்சேரிக்கு எப்பப் போற?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். தினமும் இது நடந்தது.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. அந்த வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். என் சின்ன வயதில், வெயிலில் நிமிர்ந்து நின்று தம் நிழலைத் தம் பாதத்தாலேயே அடி அடியாக அளந்து நேரம் சொல்வார்கள். ஒருவர் முறை எத்தனை அடி நிழலில் தொடங்கி எத்தனை அடியில் முடியும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிறகு தண்ணீருக்குப் பாத்தியப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மதகடிக் கொட்டகையில் மாட்டின. அதிலிருந்து கடிகாரம் சொன்னதுதான் முறை. தண்ணீர் பங்கிட ஊர் வைத்திருந்த நீர்பாய்ச்சி அதைப் பார்த்துத்தான் மடையைத் திறந்தார், அடைத்தார்.

யுத்தத்துக்காக சர்க்கார் தேசத்துக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அந்தச் செய்தியோடு ஊர்க் கணக்குப்பிள்ளை ஒருநாள் காலையில் கொட்டகைக்கு வந்து, முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அப்போது நடந்துகொண்டிருந்தது எங்கள் முறை. விடியலில் தொடங்கி உச்சி வரைக்கும் எங்களுக்குத் தண்ணீர். கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் நீர்பாய்ச்சி எங்கள் மடையை அடைத்துவிட்டார். பயிர் கதிர் வாங்குகிற சமயம், கடைசி வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அய்யா கத்திய கத்தல் ஊருக்கே கேட்டது.

மறுநாள் மதகடியில் கூட்டம் கூடியது. எங்களுக்கு அடுத்த முறைக்காரர், எனக்குச் சித்தப்பா ஆக வேண்டியவர், பிடிவாதமாக நின்றார். "சர்க்கார் மணிதான் மணி. மணி அடிச்சுச்சு, அடைச்சாக. இதுல என்ன தப்பு?"

அய்யா கோபத்தில் முன்னால் பாய்ந்தார். அவரைத் தடுத்துவிட்டு நான் பேசினேன். பொதுக் கடிகாரம் என்பதையே மாதக் கணக்கில் மண்டைக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவன் நான். "சித்தப்பா, சர்க்கார் என்ன பேரு வேணா வைக்கட்டும், எனக்குச் சண்ட இல்ல. ஆனா எங்க மொறைய பழைய மணில ஆரம்பிச்சு, புது மணில முடிச்சிருக்கீக. துணி அளக்குறப்ப பாதிய உங்க முழத்துலயும் பாதிய என் முழத்துலயுமா அளப்பீக? தொடங்குன கடியாரத்துலதான முடிக்கணும்?"

நீண்ட நேரம் பேச்சு நடந்தது. கடைசியில், தொடங்கின மணியிலேயே முடிக்க வேண்டும், எங்களுக்குக் குறைந்த தண்ணீரை அடுத்த முறையில் கூட்டித் தர வேண்டும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. நான் ஜெயித்தேன். ஜெயித்த அந்த நிமிஷத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

"இதுக்குத்தான் படிச்சிருக்கான்!" என்றார் மாமா. "பிரயோசனமான படிப்புதான்யா. இங்கன இருந்து வாய்க்கா கணக்கப் பாக்கட்டும், கச்சேரி வேலையும் பாக்கட்டும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அய்யா முகத்தில் நான் அதுவரை பார்த்திராத பெருமை. "இருப்பான். இனி எங்க போவப் போறான்?" என்றார்.

அந்தப் பெருமையை நான்தான் உடைத்தேன். "இது திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு அய்யா. இதுக்காக நான் படிக்கல. நான் படிக்கிறது நம்ம வாய்க்காலுக்கும் உதவாது, யுத்தத்துக்கும் உதவாது. அது நெசமா பொய்யான்னு தெரியணும், அம்புட்டுதான். நான் போறேன்."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கிளம்பிய அன்று அவர் வீட்டிலேயே இல்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சென்னையில் பழைய வாசலிலேயே போய் நின்றேன். நின்று நின்று இடம் வாங்கினேன். விரிகிற பிரபஞ்சத்தில் பொது நேரம் உண்டு என்பதைக் கணக்காக எழுதினேன். பிரபஞ்சத்திலுள்ள பொருளோடு பொருளாக நகர்கிறவர்கள், தம்மைச் சுற்றியுள்ள பொருள் எவ்வளவு நெருக்கம் குறைந்திருக்கிறது என்று பார்த்தே ஒரே நேரத்தைச் சொல்லிவிட முடியும். பொருள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியில்லாவிட்டால் இது எதுவரை தாங்கும் என்பதுதான் என் கட்டுரை. இது சொந்த ஊரில் சண்டை போட்டவனின் கணக்கு என்று அதைப் படித்த யாருக்கும் தெரியாது. அவர்களும் பிரயோசனம் கேட்டார்கள். இல்லை என்றேன், தலை நிமிர்ந்தே.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அய்யா "வந்தியா", "சாப்டியா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

யுத்தம் முடிந்து வந்த பொங்கலுக்குப் போயிருந்தேன். அக்காதான் சொன்னாள். சர்க்கார் கடிகாரத்தைப் பழையபடி பின்னால் தள்ளச் சொன்னபோதும் கணக்குப்பிள்ளை காலையில்தான் வந்திருக்கிறார். அன்றைக்கும் எங்கள் முறையாக அமைந்துவிட்டது. மழை பிந்திப்போய் வாய்க்காலில் தண்ணீரே சிறுத்துக் கிடந்த நேரம். பழைய தீர்மானம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. கடிகாரம் தானாகவே எங்களுக்கு ஒரு மணி நேரத் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அய்யா வெயிலில் நின்று நிழலை அளந்து பார்த்துவிட்டு, நீர்பாய்ச்சி தடுத்தும் கேட்காமல், தம் கையாலேயே எங்கள் மடையை அடைத்திருக்கிறார். தண்ணீர் போனது, அன்று எங்களோடு சண்டை போட்ட அதே சித்தப்பாவுக்கு.

வயலுக்குப் போனேன். அய்யா வாய்க்கால் கரையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வயலில் பயிர் குட்டையாக, வாடி மஞ்சளித்து நின்றது.

"ஏன்யா அடைச்சீக? கடியாரத்துல இன்னும் ஒரு மணி இருந்துச்சாமே. யாரும் கேட்டிருக்க மாட்டாக."

"மொறை முடிஞ்சுச்சு, அடைச்சேன்."

"பயிரு காஞ்சு கெடக்கே."

அய்யா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "அன்னைக்கு நீ சொன்னது சரின்னா, இன்னைக்கும் சரிதான? பிரயோசனத்தப் பாத்திருந்தா அடைச்சிருக்க முடியுமாலே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி மறுபடியும் குனிந்து செதுக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் சென்னைக்குக் கிளம்பினேன். பெட்டியை எடுக்கப் போனால் பெட்டியைக் காணவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். அய்யா அதைத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.