ட்ரெயிலரில் திறந்த கதவு

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி; கண்டி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். கண்ணீர் காட்டி அவளை மசியவைக்க முடியாது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், புதுப் படமொன்றின் ட்ரெயிலரைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். பார்த்தபடியே குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"முதல்ல பெரிய நடிகரின்ர முகம், நாங்கள் நம்பவேணுமாம். பிறகு உண்மைக் கதையெண்டு எழுத்து, அதுதான் சான்றாம். இப்ப தாய் அழுகிறா. வழக்கை விளங்க முதலே தீர்ப்புக் கேக்கினம்!"

அப்போது இசை சட்டென்று நின்றது. இருட்டில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறந்தது. அவள் கையிலிருந்த இடியப்பம் வாய்க்குப் போகவில்லை.

வெளியான முதல் நாளே தியேட்டருக்குப் போனோம். படம் படுமோசம். அந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் மோட்டார் சைக்கிள்தான் நின்றது. கண்டி வாவிக்கரை நெடுகத் திட்டிக்கொண்டே நடந்து வந்தோம்.

எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று பார்க்க, வீட்டில் அதே ட்ரெயிலரை மறுபடியும் போட்டோம். அதே முகம், அதே கண்ணீர். இசை நின்றது, கதவு திறந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக, "அந்தக் கதவுக்குப் பின்னால என்னவோ இருக்குதப்பா."